இரண்டு பூட்டும் ஒரு வழக்கு எண்ணும்

ஆபரேஷன் தியேட்டருக்குள் இரும்பு எதுவும் போகக்கூடாது என்று நர்ஸ் சொன்னதும் அப்பா தன் பூணூலை இறுகப் பிடித்துக்கொண்டார். அதில் ஒரு சாவி தொங்கிக்கொண்டிருந்தது. இடுப்பெலும்பு முறிந்து வலியில் முனகிக்கொண்டிருந்த மனிதர் அதைக் கழற்ற மட்டும் சம்மதிக்கவில்லை. என் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன், யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்று பெருமாள் மேல் சத்தியம் செய்த பிறகுதான் கொடுத்தார். மயக்க மருந்து ஏறும்போதுகூட 'சாவி, சாவி' என்றுதான் சொன்னாராம். ஒரே பெண் நான், என் பெயரைச் சொல்லவில்லை. ஐம்பத்தொன்பது வயதில் ஒரு சாவியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அது சந்துக் கேட்டின் சாவி. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருக்கிறது எங்கள் வீடு. பக்கத்து வீடு பெரியப்பாவுடையது. இரண்டுக்கும் நடுவில் நாலடி அகலத்தில் ஒரு சந்து, எங்கள் கொல்லையிலிருந்து நேராகத் தெருவுக்கு வரும். அது யாருடையது என்று அப்பாவும் பெரியப்பாவும் நாற்பது வருஷத்துக்கு முன்னால் கோர்ட்டுக்குப் போனார்கள். கேஸ் முடியும்வரை சந்து இருந்தபடியே இருக்க வேண்டும், யாரும் திறக்கக்கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. உடனே அப்பா கேட்டில் ஒரு பூட்டுப் போட்டார். அவர் திறந்துவிடுவார் என்று பெரியப்பா அதன் மேல் இன்னொரு பூட்டுப் போட்டார். இரண்டு சாவியும் இரண்டு பூணூலில் ஏறின. ஆவணி அவிட்டத்துக்கு ஆவணி அவிட்டம் பூணூல் மாறும், சாவி மாறாது. பெரியப்பா போன பிறகு அவருடைய சாவி அவர் பிள்ளையின் பூணூலுக்குப் போயிற்று என்று வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் சொல்லித் தெரிந்துகொண்டோம். அந்த அம்மாள் இரண்டு வீட்டுக்கும் பொது. இரண்டு வீட்டுக்கும் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

கோர்ட் உத்தரவை எங்கள் குடும்பங்கள் மதித்ததுபோல வேறு யாரும் மதித்திருக்க முடியாது. இருந்தபடியே இருக்க வேண்டும் என்றால் குப்பையும் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். சந்தைப் பெருக்கியவர் இல்லை. நடுவில் ஒரு பப்பாளி முளைத்து, மரமாகி, காய்த்துப் பழுத்தது. பறித்தால் கோர்ட் அவமதிப்பு ஆகிவிடும் என்று இரண்டு பக்கமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அணில்கள் எந்த உத்தரவுக்கும் கட்டுப்படவில்லை. 'கேஸ் என்னப்பா ஆச்சு' என்று எப்போது கேட்டாலும் அப்பா 'ஓடிண்டிருக்கு' என்பார். பக்கத்து வீட்டிலும் அதே பதில்தான் என்று வேலைக்கார அம்மாள் சொல்வாள்.

ஆபரேஷன் முடிந்து, சாவியை என்னிடமிருந்து திரும்ப வாங்கிப் பூணூலில் மாட்டிக்கொண்டு, அப்பா சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார். அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சந்தின் அருமை புரிந்தது. வாசலில் ஐந்து படி. ஏறினால் குறுகலான ரேழி, அதில் ஒரு திருப்பம். நாற்காலி நுழையாது. ஆஸ்பத்திரி ஆட்கள் நாலு பேர் அவரைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து விட்டார்கள். அதன் பிறகு வெளியே போக வேண்டுமென்றால் தெருவில் நாலு பேரைக் கூப்பிடுகிறேன் என்றேன். 'நாலு பேர் தூக்கிண்டு போறது ஒரு தரம்தாண்டி. அதுக்கு இன்னும் நாள் இருக்கு' என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. அறுபது வருஷமாகக் கோயில் கோஷ்டியில் மற்றவர்களோடு நின்று பாசுரம் சொல்லிச் சேவித்த மனிதர் ஜன்னல் வழியாக நாதஸ்வரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாடு பாதியானது. பேச்சு கால்வாசி ஆனது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, மார்கழியில் பகல்பத்து உற்சவத்துக்கு, அரையர் பாசுரம் பாடுவதைக் கேட்க, கோயிலுக்குப் போகாவிட்டால் தான் இருந்து என்ன பிரயோஜனம் என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. பகல்பத்துக்குள் அந்தச் சந்தைத் திறந்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் குடும்பத்தில் பிறந்திருந்தால் கேட்கமாட்டீர்கள். நான் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். எதையும் விடையிலிருந்து தொடங்கமாட்டேன். முதலில் அந்த உத்தரவு என்ன சொல்கிறது, கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று காகிதத்தில் பார்க்க வேண்டும். காகிதம் கையில் இருந்தால் தலை குனியாமல் பேசலாம்.

செல்போனில் தேடினேன். கோர்ட் வழக்குகள் எல்லாம் இப்போது இணையத்தில் இருக்கின்றன என்று எல்லாரும் சொன்னார்கள். அது வழக்கு எண் கேட்டது. தெரியாது. பெயரைப் போட்டுத் தேடலாம் என்றது, போட்டேன். உடனே கோணல்மாணலாக நாலைந்து எழுத்தைக் காட்டி அப்படியே அடி என்றது. முப்பத்தைந்து வருஷம் பத்தாம் வகுப்புக் கையெழுத்தைப் படித்துத் திருத்தியவளுக்கு இது ஒரு பொருட்டா என்று அடித்தேன். தவறு என்றது. ஆறாவது தடவை என்னை உள்ளே விட்டு, அப்படி ஒரு வழக்கே இல்லை என்றது. பழைய கட்டுகள் எல்லாம் இணையத்தில் ஏறியிருக்காது, நேரில்தான் போக வேண்டும் என்று பிறகு தெரிந்தது.

ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துக் கோர்ட்டுக்குப் போனேன். நகல் பிரிவு என்று எழுதியிருந்த அறையில், மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டுக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பொறுமைசாலி. நான் சந்து, பூட்டு, பப்பாளி என்று எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"எல்லாம் சரிங்கம்மா. நம்பர் சொல்லுங்க."

நம்பர் இல்லை என்றேன். அப்படியானால் வருஷமாவது வேண்டும், பழைய பதிவேட்டைப் பார்க்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். கேஸ் எண் மட்டும் மறந்துபோச்சு என்றார். சரி, வருஷம்? கண்ணை மூடி யோசித்துத் தமிழ் வருஷத்தின் பெயரைச் சொன்னார். அறுபது வருஷப் பட்டியலை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது, கோர்ட் வருஷம் ஜனவரியில் பிறக்கிறது. ஆகவே விடை இரண்டு வருஷத்தில் விழுந்தது. எந்த மாசம் என்று கேட்டேன். உனக்கு அப்போ ஜுரம், அம்மா கஷாயம் வெச்சுக் கொடுத்தா என்று பதில் வந்தது. அதற்கு மேல் அந்தச் சாட்சியிடம் குறுக்கு விசாரணை செய்து பயனில்லை.

இரண்டு வருஷத்துக்கும் மனு கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போனபோது அந்த அம்மாள் ஒரு தாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில் இரண்டு வீட்டுக்கு ஒருவருக்குப் பெருமாள் பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். ஆகவே எங்கள் அப்பா பெயரில் ஒன்பது பேர் வழக்குப் போட்டிருந்தார்கள். தகப்பனார் பெயரைப் பார்த்துப் பிரிக்கலாம் என்றால் அதில் ஐந்து பேருக்கு அதுவும் ஒன்று. ஊரே ஒரு ஆளாக மாறித் தன் மேல் தானே வழக்குப் போட்டுக்கொண்டதுபோல இருந்தது. கடைசியில் சொத்து விவரத்தை வைத்துத்தான் பிடித்தோம். கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் வீடு, நடுவில் நாலடிச் சந்து. அந்த வரியைப் பார்த்ததும் கூட்டத்தில் காணாமல்போன குழந்தையைக் கண்டுபிடித்த மாதிரி எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

எண் கிடைத்துவிட்டது. நகல் கேட்டு முறையாக ஒரு மனு எழுதி, கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, வாதியின் மகள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தகவல் வரும் என்று சொன்னார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர்க்காரர்கள் செய்தி அனுப்பினார்கள், பல்லுக்கு விளம்பரம் வந்தது, கோர்ட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. பொறுக்கமுடியாமல் போய் நின்றேன். அங்கே தகவல் என்றால் வராந்தாவில் தொங்கும் அறிவிப்புப் பலகை என்று அப்போதுதான் தெரிந்தது. நகலுக்கு எத்தனை முத்திரைத்தாள் வேண்டும் என்று அதில் பட்டியல் ஒட்டுவார்கள். குறித்த நாளுக்குள் தாளை வாங்கிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மனு தள்ளுபடி. என் மனு முந்தைய நாள்தான் தள்ளுபடியாகியிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. பலகையில் கொட்டை எழுத்தில் எல்லாம் எழுதியிருந்தது. மாணவர்களிடம் கேள்வியை முழுசாகப் படிக்காமல் விடை எழுதாதே என்று ஆயிரம் தடவை கத்தியவள் நான். மறுபடி மனு எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு தினமும் பஸ் ஏறிப் போய்ப் பலகையைப் படிப்பதே வேலையாயிற்று. கார்த்திகை பிறந்துவிட்டது.

ஒருநாள் பட்டியலில் என் வழக்கு எண் இருந்தது. சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. அடுத்த வரியிலும் அதே எண். விண்ணப்பதாரர், எதிர்வாதியின் மகன்.

நாற்பது வருஷம் சும்மா இருந்தவர்கள் இப்போது, அப்பா படுத்தபடி கிடக்கும்போது, கேஸைத் தூசி தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். சந்தை மொத்தமாக எடுத்துக்கொள்ளத்தான் திட்டம். மனசுக்குள் ஒரு பெரிய சண்டையைப் போட்டு, அதில் பாதி ஜெயித்தும் விட்டேன். அப்போது எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மா, கண்ணாடி எடுத்துண்டு வரலை. எட்டாவது வரியில என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றேளா?"

திரும்பினேன். ரயில்வேயில் ரிட்டயர் ஆன பெரியப்பா பிள்ளை. என்னைவிட ஆறு வயது பெரியவர். சின்ன வயதில் எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். ஒரே சந்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு நாற்பது வருஷமாக அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை, 'முத்திரைத்தாள் நாலு, வெள்ளிக்கிழமைக்குள்ள' என்பதுதான். குரலைக் கேட்டதும் அவருக்கு யார் என்று தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் பலகையைப் பார்த்தபடியே நின்றோம்.

நான்தான் பொறுக்கமாட்டாமல் ஆரம்பித்தேன். நீங்கள் எதற்கு நகல் கேட்கிறீர்கள் என்று கேட்டேன். வகுப்பில் கேட்கும் குரலில் கேட்டிருப்பேன் போலிருக்கிறது, பக்கத்தில் இருந்த ஒரு வக்கீல் நகர்ந்து நின்றார்.

"கோஷ்டியில சித்தப்பா நிக்கற இடம் காலியாவே இருந்தது. பாக்க சகிக்கலை. சந்தைத் திறந்துவிட்டா நாற்காலியிலயாவது வருவாரேன்னு தோணித்து. ஆனா கோர்ட் ஆர்டர் இருக்கே, அதை மீற முடியாதே. அதான், என்ன ஆர்டர்னு பாக்கலாம்னு வந்தேன்" என்றார்.

என் மனசுக்குள் பாதி ஜெயித்திருந்த சண்டை அங்கேயே தோற்றது. வெட்கமாக இருந்தது. 'நானும் அதுக்குத்தான் வந்தேன் அண்ணா' என்றேன். அவர் தலையை ஆட்டினார். முத்திரைத்தாள் கொடுக்கும் இடத்தில் எனக்கும் சேர்த்து அவர்தான் வரிசையில் நின்றார். அப்போதும் எங்கள் புத்தி போகவில்லை. ஒரே தாளுக்கு எதற்கு இரண்டு நகல், ஒன்று போதுமே என்று அந்த அம்மாள் கேட்டபோது இரண்டு பேரும் ஒரே குரலில் தனித்தனியாகத்தான் வேண்டும் என்றோம்.

நகல் கிடைத்த அன்றைக்கு நான் மட்டும்தான் போயிருந்தேன். கட்டு விதிப்படி எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டது, பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான் என்று சொல்லி ஒரே ஒரு தாளைக் கொடுத்தார் அந்த அம்மாள். பக்கம் பக்கமாக வரும் என்று பெரிய பை கொண்டுபோயிருந்தேன். வராந்தாவிலேயே நின்று படித்தேன். ஆங்கிலத்தில் நாலு வரி. மூன்று முறை அழைத்தும் வாதி வரவில்லை. எதிர்வாதியும் வரவில்லை. வக்கீல்கள் இருவரும் வரவில்லை. வழக்குத் தள்ளுபடி.

தேதியைப் பார்த்தேன். வழக்குப் போட்ட இரண்டாவது வருஷம், ஜனவரி மாதம். அதாவது அந்தக் கேஸ் இரண்டு வருஷம்கூட ஓடவில்லை. கேஸே செத்த பிறகு அதன் உத்தரவு மட்டும் எங்கே இருக்கும்? இல்லாத உத்தரவுக்குப் பயந்து இத்தனை வருஷம் ஒரு பப்பாளிப் பழத்தைத் தின்னாமல் இருந்திருக்கிறோம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. பக்கத்து சீட் பெண் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அப்பா முன்னால் போய் நின்று தாளை நீட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்கமுடியாது. தேதியை மட்டும் படித்தேன். அன்றைக்கு என்னப்பா, எங்கே போயிருந்தே என்று கேட்டேன்.

அவர் பஞ்சாங்கம் கேட்கவில்லை. விரல் விட்டு எண்ணவில்லை.

"நம்மாழ்வார் மோட்சம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கஷாயம் குடித்த மாசத்தைச் சொல்லத் தெரியாத மனிதர் இந்தத் தேதியை எப்படி உடனே சொல்கிறார்? அப்பா மெதுவாகச் சொன்னார். வைகுண்ட ஏகாதசியை ஒட்டி வரும் இராப்பத்தின் கடைசி நாள், நம்மாழ்வார் பெருமாள் திருவடியில் சேரும் நாள். மோட்சத்தை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போக அவருக்கும் மனசு வரவில்லை, பெரியப்பாவுக்கும் வரவில்லை. இரண்டு வக்கீலும்கூட சேர்ந்து சேவிக்க வந்திருந்தார்களாம். அங்கே கோர்ட்டில் டவாலி இவர்கள் பெயரை மூன்று தரம் கூவிக்கொண்டிருந்தபோது, இங்கே கோயிலில் வாதியும் எதிர்வாதியும் எதிரெதிரே நின்று ஆளுக்குப் பாதியாகப் பாசுரம் சேவித்துக்கொண்டிருந்தார்கள். தள்ளுபடியான விஷயத்தை வக்கீல் அன்று சாயங்காலமே வந்து சொல்லியிருக்கிறார். முப்பது நாளைக்குள் மனுப் போட்டால் மறுபடி எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அப்பா போடவில்லை. பெரியப்பாவும் ஒன்றும் செய்யவில்லை.

"தெரிஞ்சுண்டே ஏம்ப்பா பூட்டி வெச்சிருந்தே?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. நான் ஏறிய பஸ்ஸெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதைவிட, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அஞ்சு மாசம் வந்தது.

"ரெண்டு சாவியும் சேர்ந்தாத்தானே கேட் திறக்கும். அண்ணா வந்து கேப்பார்னு இருந்தேன்" என்றார் அப்பா. பூணூல் சாவியைத் திருகிக்கொண்டே, "அவரும் அப்படித்தான் இருந்திருப்பார்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் கூடவே வந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தாளை எடுத்துக்கொண்டு ஐந்து படியும் இறங்கிப் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அவ்வளவு சுலபமாக இருந்தது அது. அண்ணா தாளை வாங்கிப் படித்துவிட்டு, தன் நகலையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்துவிடலாமா என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் அந்த யோசனையைக் கைவிட்டார்.

பகல்பத்து முதல் நாள் காலையில் சந்துக் கேட்டைத் திறந்தோம். அண்ணா தன் பூணூலிலிருந்து சாவியை எடுத்தார். அப்பா தன்னுடையதை எடுத்து என் கையில் கொடுத்தார். யார் பூட்டை முதலில் திறப்பது என்று ஒரு நிமிஷம் தயங்கினோம், இரத்தத்தில் ஊறியது அவ்வளவு சீக்கிரம் போகாதே. ஆனால் இரண்டு சாவியுமே திரும்பவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தோம், மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தோம். கடைசியில் அண்ணா சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு பூட்டும் சங்கிலியோடு சேர்ந்து உதிர்ந்து விழுந்தன. அவற்றை எப்போது வேண்டுமானாலும் யாராவது கையால் இழுத்திருந்தாலே வந்திருக்கும்.

நான் நாற்காலியைத் தள்ளினேன், அண்ணா முன்னால் போய்ச் சருகுகளை ஒதுக்கிக்கொண்டே நடந்தார். பப்பாளி மரத்தடிக்கு வந்ததும் அப்பா நிறுத்தச் சொன்னார். பெரியப்பா வீட்டுச் சுவரைப் பார்த்தார்.

"மோட்சத்தன்னிக்கு சாத்துமுறையில, கடைசிப் பாசுரம் சொல்றச்சே, உங்கப்பா ஒரு அடியை மறந்துட்டார்டா. எதிர்வரிசையிலேருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என்னைப் பாத்துத் தலையை ஆட்டினார்" என்று அண்ணாவிடம் சொன்னார். "நாங்க கடைசியா பேசிண்டது அதுதான்."

அண்ணா அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நாற்காலியின் பிடி வழுக்கியது.

"தள்ளுடி" என்றார் அப்பா. "நாழியாச்சு, அரையர் ஆரம்பிச்சுடுவார்."